கணக்கும் சிக்கலும் வழக்கும்

ஆங்கிலத்தில் 'ப்ராப்ளம்' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதைத் தமிழில் பெயர்க்கும்போது ஒவ்வொரு தடவையும் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதப்படுவது கணக்கு. நூற்கண்டு முடிச்சு விழுந்து, நுனி எங்கே என்று தெரியாமல் கிடப்பது சிக்கல். வாய்க்கால் தண்ணீர் முதலில் யாருக்கு என்று இரண்டு ஊரார் எதிரெதிரே நிற்பது வழக்கு. மூன்றையும் 'பிரச்சினை' என்று எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பாளனுடைய வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் களத்தில் பணிபுரிவோரின் வேலை அந்த இடத்திலேதான் கெடத் தொடங்குகிறது என்பது என் எண்ணம். கணக்குக்கு விடை உண்டு. அது சரியா, தவறா என்று சோதித்து அறியலாம். சிக்கலில் முதற்காரியம் நுனியைக் கண்டுபிடிப்பது. அதற்கு முன் இழுத்தால் முடிச்சு இறுகும். வழக்குக்கோ விடை என்பதே கிடையாது. சம்பந்தப்பட்டோர் ஒப்புக்கொள்ளத்தக்க ஒரு தீர்ப்பு மட்டுமே உண்டு; அதுவும் அடுத்த பருவம் வரையில்தான்.

இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டு மைசூரில் நடைபெற்ற சில ஆராய்ச்சிகளைப் பார்க்கலாம். அந்நகரில் செலுவாம்பா மாளிகை என்ற கட்டடம் இருக்கிறது. அரச குடும்பத்து இளவரசி ஒருவருக்காக எழுப்பப்பட்ட அம்மாளிகையில், 1950-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறந்துவைக்கப்பட்டது. டாக்டர் வி. சுப்பிரமணியன் அதன் முதல் இயக்குநர். உணவுப் பங்கீடும் அரிசிப் பற்றாக்குறையும் நாட்டை வருத்திக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே நிலையத்தார் எடுத்துக்கொண்ட வேலைகளும் சாதாரண ஜனங்களின் அடுக்களையை ஒட்டியவையாகவே இருந்தன. அவற்றுள் வெற்றி கண்டவற்றை மட்டும் நான் இங்கே பொறுக்கி எடுக்கவில்லை.

ஊறல் தொட்டியின் வாடை

தஞ்சை ஜில்லாவில் பிறந்தவர்களுக்குப் பழைய அரிசி ஆலையின் வாடையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புழுங்கல் அரிசிக்காக நெல்லைச் சிமெண்டுத் தொட்டியில் இரண்டு, மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு ஆவியில் அவித்துக் களத்தில் காயப்போடுவார்கள். இரண்டாம் நாளே தொட்டியிலிருந்து புளித்த நாற்றம் கிளம்பும். அந்த நாற்றம் அரிசியிலும் ஏறும், சோற்றிலும் தங்கும். நிறமும் மங்கும். 'புழுங்கல் என்றால் அப்படித்தான்' என்று எல்லோரும் பழகிப்போயிருந்தார்கள்.

இதை மைசூர் நிலையத்தார் கணக்காக அமைத்துக்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. நாற்றம் எதனால்? ஊறும் நீரில் நுண்ணுயிர்கள் பெருகுவதால். அவை ஏன் பெருகுகின்றன? ஊறுவதற்கு நெடுநேரம் ஆவதால். ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது? குளிர்ந்த நீர் உமியைக் கடந்து உள்ளே மெதுவாகவே செல்வதால். அப்படியானால் நீரைச் சூடாக்கினால் போதும். ஆனால் மிகவும் சூடாக்கினால் உள்ளேயுள்ள மாவுப்பொருள் கூழாகிப் பருத்து, உமி வெடித்துவிடும். ஆகவே, விடை இரண்டு எல்லைகளுக்கு இடையே கிடக்கிறது: நுண்ணுயிர்கள் பெருக முடியாத அளவுக்குச் சூடு இருக்க வேண்டும், மாவு கூழாகும் அளவை எட்டக் கூடாது. தொட்டியில் 85 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரை நிரப்பி நெல்லைக் கொட்டினால், கலவையின் உஷ்ணநிலை ஏறக்குறைய 70 டிகிரிக்கு இறங்கும். அந்தச் சூட்டில் 3 முதல் 3½ மணி நேரம் ஊறினால் போதும். பிறகு நீரை வடித்து, உமி பிளக்கும் வரை ஆவி செலுத்த வேண்டும். மூன்று நாள் வேலை ஒரு நாளுக்குள் அடங்கியது, வாடையும் நீங்கியது.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். சம எடையுள்ள இரண்டு பங்கு நெல்லை எடுத்து, ஒன்றைச் சாதாரணத் தண்ணீரிலும், மற்றொன்றைச் சூடு ஆறாத ப்ளாஸ்கில் 70 டிகிரி வெந்நீரிலும் போட்டு வைக்க வேண்டும். மூன்று மணி நேரம் கழித்து இரண்டையும் வடித்து, துணியால் ஒற்றி, நிறுத்துப் பார்த்தால் எது அதிக நீரைக் குடித்திருக்கிறது என்பது மாணவர்களுக்குத் தராசே சொல்லிவிடும்.

கணக்கு எவ்வளவு நேராகப் போயிற்று என்று வியக்கலாம். ஒவ்வொரு 'ஏன்' என்ற கேள்விக்கும் ஒரே பதில் இருந்தது. அப்பதிலைச் சோதிக்கவும் முடிந்தது. இப்படி அமைவது மிகவும் அபூர்வம்.

நுனி கிடைக்காத ஐம்பது ஆண்டுகள்

புழுங்கல் அரிசிக்குப் பின்னே அதைவிடப் பழைய சிக்கல் ஒன்று உண்டு. நம் மக்களின் சரித்திரத்தோடு தொடர்புடையதாகையால் அதைச் சற்று விரித்துச் சொல்லலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'பெரிபெரி' என்னும் நோய் கிழக்காசிய நாடுகளில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மடிந்தார்கள். கிருமிகளால் நோய் வருகிறது என்ற கண்டுபிடிப்பு புதிதாக வந்திருந்த காலம் அது. ஆகையால் எல்லோரும் பெரிபெரிக்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள். பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டச்சு வைத்தியரும் அப்படித்தான் தொடங்கினார். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துக் கோழிகளுக்குத் திடீரென்று கால்கள் தளர்ந்தன. சில மாதங்களில் தாமாகவே குணமாயின. விசாரித்தபோது, இராணுவ ஆஸ்பத்திரியின் தீட்டிய வெள்ளரிசிச் சோற்றைச் சில காலம் அவற்றுக்குப் போட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்து அரிசியை வெளிக்கோழிகளுக்குக் கொடுக்க மறுத்துவிட்டதும் தெரியவந்தன. அந்தச் சமையற்காரரின் கண்டிப்பே சிக்கலின் நுனியாயிற்று.

மலாயாவில் வேறொரு நுனி வெளிப்பட்டது. அங்கே வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடம் அது அரிதாகவே காணப்பட்டது. வேலையும் வெயிலும் இருவருக்கும் பொதுவே. கோலாலம்பூரிலிருந்த மனநோயாளர் விடுதியில் 1905-இல் வில்லியம் பிளெட்சர் என்ற வைத்தியர், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் உண்ட 123 பேரில், விடுதிக்கு வரும்போதே நோய்க்குறியுடன் வந்த இருவரைத் தவிர வேறெவருக்கும் வரவில்லை, இறப்பும் இல்லை. சம்மதம் கேட்க இயலாத நோயாளிகளை வைத்து இப்படிப்பட்ட சோதனை நடத்த இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடையாது, கிடைக்கவும் கூடாது. அந்தப் பதினெட்டுப் பேரையும் நினைத்துக்கொண்டே இந்தப் புள்ளிகளை வகுப்பில் சொல்ல வேண்டும்.

புள்ளிகள் இவ்வளவு தெளிவாக இருந்தும் முடிச்சு உடனே அவிழவில்லை. வெள்ளரிசியில் நஞ்சு இருக்கிறதா, அல்லது ஏதேனும் சத்துக் குறைவா என்ற ஐயம் நீடித்தது. இருக்கும் ஒன்றைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, இல்லாத ஒன்றைக் காண்பது கடினம். தவிட்டோடு போய்விடும் தயாமின் என்னும் வைட்டமினே குறை என்பது பின்னர்த்தான் நிலைநாட்டப்பட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, நீரில் கரையும் அந்த வைட்டமினில் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசியின் உட்பகுதிக்குப் போய்விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் இழக்கப்படுவதில்லை. ஊறல் தொட்டியின் வாடையைச் சகித்துக்கொண்ட நம் முன்னோர், காரணம் அறியாமலே பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து தப்பியிருந்தார்கள். மைசூர் நிலையத்தாரும் புழுக்குவதை விட்டுவிடச் சொல்லவில்லை. புழுக்கும் வழியைத்தான் திருத்தினார்கள்.

எருமைப்பால்

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1950-களில் குழந்தைகளுக்கான பால்மாவு டப்பாக்கள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது இறக்குமதியைக் குறைக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டில் மிகுதியாகக் கிடைத்ததோ எருமைப்பால். அதில் கொழுப்பு சுமார் 7 சதவிகிதம். பசுவின் பாலில் 4 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கும். தவிர, எருமைப்பால் குழந்தையின் வயிற்றில் கெட்டியான கட்டியாக உறையும். ஆகவே குழந்தை உணவுக்கு ஆகாது என்பது பொதுவான கருத்து. மைசூர் நிலையத்தார் கொழுப்பைக் குறைத்து, கட்டி மென்மையாக உறையும்படி பக்குவம் செய்து, வைட்டமின்களும் இரும்புச்சத்தும் சேர்த்து உலர்த்தும் முறையை உருவாக்கினார்கள். குஜராத்தில் ஆனந்த் நகரிலுள்ள கெய்ரா ஜில்லாக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் அம்முறையை ஏற்று, 'அமுல்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கணக்கு சரியாகவே போடப்பட்டது. ஆனால் தாய்ப்பாலுக்குப் பதிலாக டப்பாப் பாலைத் தருவது பெருகியபோது, நாடெங்கும், உலகெங்கும் அதுவே வழக்காயிற்று. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் உணவுகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்தது. கிராமத் தாய்மாரிடம் பேசும் ஊழியர்கள் இவ்விரண்டு செய்திகளையும் ஒருசேர அறிந்திருப்பது நல்லது.

சரியான விடை, பிழையான வினா

இனி என் மனத்தை அதிகம் வருத்திய உதாரணத்துக்கு வருகிறேன்.

நிலக்கடலையில் எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கில் ஏறக்குறைய பாதி புரதம். அது மாட்டுக்கும் வயலுக்கும் போய்க்கொண்டிருந்தது. மக்களோ, முக்கியமாகக் குழந்தைகள், புரதப் பற்றாக்குறையால் வாடுகிறார்கள் என்று உலக நிபுணர்கள் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்த காலம். இரண்டையும் இணைத்தால் பசி தீராதா? மைசூர் நிலையத்தார் சுத்தமான முறையில் தயாரித்த கடலைப் பிண்ணாக்கு மாவு 75 பங்கும், வறுத்த கொண்டைக்கடலைப் பருப்பு மாவு 25 பங்கும் சேர்த்து, சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும் கலந்து, 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்ற மாவைத் தயாரித்தார்கள். அதில் புரதம் சுமார் 42 சதவிகிதம். நாளொன்றுக்கு 60 கிராம் உண்டால் ஏறக்குறைய 25 கிராம் புரதம் கிடைக்கும். விலையோ குறைவு. குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் வளர்ச்சியும் மேம்பட்டது. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த தீர்வு இருக்க முடியாது.

முதல் இடி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்கு இட்ட தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து, 'அஃப்ளடாக்சின்' என்னும் நஞ்சை உண்டாக்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது. ஈரலைத் தாக்கும் நஞ்சு அது, புற்றுநோய்க்கும் காரணமாவது. ஈரம் உலராமல் குவித்து வைத்த கடலை எங்கும் அது தோன்றலாம். உடனே உலகெங்கும் கடலை மாவு உணவுத் திட்டங்கள் மீது ஐயத்தின் நிழல் படிந்தது. இது ஒரு சிக்கல். ஆனால் நுனி விரைவில் கிடைத்த சிக்கல். அறுவடையானதும் நன்கு உலர்த்துதல், பருப்பின் ஈரத்தை 7, 8 சதவிகிதத்துக்கு மேல் போகவிடாமை, நிறம் மாறியதும் சுருங்கியதும் பூஞ்சணம் பிடித்ததுமான பருப்பைக் கையால் பொறுக்கி நீக்குதல் ஆகியவற்றால் நஞ்சின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இன்றும் கள ஊழியர்கள் கடலை விவசாயிகளுக்கு வற்புறுத்திச் சொல்ல வேண்டிய செய்தி இது.

இரண்டாவது இடி மெதுவாக விழுந்தது. ஆனால் அதுதான் ஆழமாக விழுந்தது. வினாவே பிழையோ என்ற எண்ணம் வலுத்தது. ஹைதராபாத்தில் டாக்டர் சி. கோபாலனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, புரதக் குறைவால் வீங்கிய குழந்தைகள் என்றும் பட்டினியால் வற்றிய குழந்தைகள் என்றும் பிரித்துச் சொல்லப்பட்ட இரு சாராரின் வீட்டு உணவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மே, இந்திய உணவில் புரதத்தைவிட உணவின் மொத்த அளவே போதாமலிருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். வயிறு நிறையாதபோது உடல் தனக்குக் கிடைக்கும் புரதத்தையும் விறகாக எரித்துவிடுகிறது. 1974-இல் 'லான்செட்' பத்திரிகையில் டொனால்டு மெக்லாரன் என்ற வைத்தியர், உலகம் புரதத்தின் பின்னே ஓடியதைப் பெருந்தவறு என்றே கடுமையாகச் சாடி எழுதினார்.

அதாவது, பல்நோக்கு உணவு தனக்கிட்ட கணக்குக்குச் சரியான விடையே. ஆனால் ஏழைக் குழந்தையின் வீட்டில் குறைந்திருந்தது சோறு. சோறு ஏன் குறைகிறது என்பது கூலி, நிலம், விலைவாசி ஆகியவற்றைச் சேர்ந்த வழக்கு; ஆராய்ச்சிக்கூடத்தின் சோதனைக் குழாய்க்குள் அடங்குவதன்று. தவிர, பழக்கமில்லாத ஒரு மாவை அன்றாடம் குழம்பில் கலந்துகொள்ள எந்த வீட்டம்மையும் முன்வரவில்லை. நிவாரணத்திலும் விடுதிகளிலும் வழங்கப்பட்டதேயன்றி, வீட்டு அடுக்களையில் அம்மாவு இடம்பிடிக்கவில்லை.

இதற்காக மைசூர் விஞ்ஞானிகளைக் குறைகூறுவது முறையாகாது. அவர்கள் அமைத்த வினாவை உலகமே அப்போது அப்படித்தான் அமைத்திருந்தது. அவர்கள் அதிலிருந்து திரும்பியதும் உண்டு: அதே நிலையம் பிற்காலத்தில் குழந்தைகளுக்காக உருவாக்கிய மற்றொரு மாவில் கோதுமையும் வெல்லமும் பருப்போடு சேர்ந்தன, அதன் பெயரும் 'எனர்ஜி ஃபுட்' என்றாயிற்று. பெயரிலேயே வினா மாறியிருப்பதைக் காணலாம். தமிழ்நாட்டில் 1956-இல் பள்ளிகளில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982-இல் பெரிதும் விரிவாக்கப்பட்டபோது எந்தப் புதுப் பண்டத்தையும் நாடவில்லை. சோறும் குழம்புமே தட்டில் விழுந்தன.

மேட்டு நிலத்து ஊர் ஒன்றில் மெலிந்த குழந்தையைக் காணும் ஊழியர், எந்தச் சத்துக் குறைவு என்று கேட்பதற்கு முன்னால், குழந்தை நேற்று எத்தனை வேளை சாப்பிட்டது என்று தாயிடம் கேட்டுப் பார்ப்பாராக. தாய் வேலைக்குப் போனபின் அதற்கு ஊட்டுபவர் யார் என்பதையும் கேட்கலாம்.

ஐப்பசி மழையும் ஈர நெல்லும்

ஒரு கணக்கின் விடையே மற்றொரு சிக்கலைப் பெறுவதும் உண்டு. 1960-களில் தஞ்சை ஜில்லாவில் தீவிர விவசாய அபிவிருத்தித் திட்டம் நடைபெற்றது. ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணை, ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு நெல்லினத்தையும் கலந்து ஆடுதுறை 27 என்ற குறுவை நெல்லை வெளியிட்டது. விளைச்சல் கூடிற்று, பரப்பும் வேகமாகப் பெருகிற்று. ஆனால் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தன. காயவைக்க வெயில் இல்லை. குவித்த நெல் சூடேறி நிறம் மாறிற்று, முளையும் விட்டது. பத்திரமாகச் சேமிக்க ஈரம் 14 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். மழையில் அறுத்த நெல்லிலோ 20-க்கு மேலும் இருக்கும்.

இச்சிக்கலை ஆராய்வதற்காகவே 1967-இல் திருவாரூரில், கூட்டுறவு நவீன அரிசி ஆலை வளாகத்தில், நெல் பதன்செய் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. மைசூரிலிருந்து 1963-இல் ஓய்வு பெற்ற டாக்டர் சுப்பிரமணியனே அதை உருவாக்கவும் முன்னின்றார். மாளிகையிலிருந்து ஆலை வளாகத்துக்கு வந்தவர் என்று சொல்லலாம். ஈர நெல்லுடன் உப்பும் உமியும் கலந்து, நீரை இழுத்து, முளைக்காமல் சில நாள் காப்பது போன்ற எளிய முறைகளும், உமியையே எரித்து அந்தச் சூட்டில் உலர்த்தும் முறைகளும் விவசாயிகளிடம் கொண்டுசெல்லப்பட்டன. அந்நிலையம் பின்னர்த் தஞ்சாவூருக்குச் சென்று, படிப்படியாக வளர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக விளங்குகிறது.

உலர்த்தும் கணக்கு பெரும்பாலும் தீர்ந்ததுதான். உலர்த்தும் இயந்திரங்கள் உள்ளன. ஆனால் இயந்திரம் யார் செலவில், எந்த ஊரில், மழை தொடங்கிய எத்தனையாவது நாளில் ஓடும் என்பது வேறு. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் அனுமதிக்கப்படும் ஈரத்தின் வழக்கமான வரம்பு 17 சதவிகிதம். குறுவைப் பருவத்தில் அதைத் தளர்த்த வேண்டுமென்று தமிழ்நாடு அரசு மத்திய அரசைக் கேட்பதும், மத்தியக் குழுவினர் வந்து நெல்லை அளந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. 2022-இல் 19 சதவிகிதம் வரை தளர்வு கிடைத்தது. விவசாயிக்கு ஒவ்வொரு சதவிகிதமும் சாலையோரத்தில் காத்திருக்கும் ஒரு நாள்; ஆலைக்காரருக்கு அது எடை இழப்பு; கிடங்குக்காரருக்குப் பூஞ்சணம். ஒருவர் சொல்வதும் பொய்யன்று.

ஐப்பசியில் மன்னார்குடிப் பக்கம் போகிறவர்கள் இதை நேரில் காணலாம். தார்ப்பாய் போர்த்திய குவியலின் பக்கத்தில் விவசாயி நிற்கிறார். நிலைய ஊழியர் ஒரு கைப்பிடி நெல்லை ஈரப்பதமானியில் இடுகிறார். முள்ளோ எண்ணோ எதைக் காட்டினாலும், அதைப் பார்த்தபிறகு இருவரும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள்.